கிளாசிக்கல் ஓப்பனா, வாரக்கடைசி ராபிடா?

வேலைக்குப் போய்க்கொண்டே செஸ் ஆடுகிறவர்களுக்கு வருடா வருடம் வந்து நிற்கிற கேள்வி இது. இருக்கிற லீவை, ஓர் ஆட்டமே மணிக்கணக்கில் போகிற ஒன்பது ரவுண்டு கிளாசிக்கல் ஓப்பன் (யாரும் சேரக்கூடிய போட்டி) ஒன்றில் மொத்தமாகக் கரைப்பதா, இல்லை லீவே போடாமல் சனி, ஞாயிறுகளில் ஆட்டம் சீக்கிரம் முடிகிற ராபிட் போட்டிகள் நாலைந்தில் ஆடுவதா? இரண்டையும் ஆடிப் பார்த்துவிட்டு நான் கிளாசிக்கல் பக்கம் ஒதுங்கிவிட்டேன். அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று கடந்துவிடலாம். ராபிடில் செலவு குறைவு, அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை, வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு ரவுண்டில் தோற்றாலும் சற்று நேரத்தில் அடுத்த பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) ஒட்டிவிடுவார்கள். வருத்தப்பட அவகாசமே கிடையாது. கிளாசிக்கலில் தோற்றால் அன்றிரவு தூக்கம் போச்சு. ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் திறனுக்கான எண்ணை, பொறுத்தவரை ஒன்றை வைத்து இன்னொன்றை ஏற்ற முடியாது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2012 முதல் கிளாசிக்கல், ராபிட், அதைவிட வேகமான பிளிட்ஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.

அடுத்து நேரம். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல் என்று வைத்தால், 60 நகர்த்தல் போகிற ஆட்டத்தில் ஒருவருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். உலக ராபிட் போட்டியில் உள்ளதுபோல 15 நிமிடம், 10 விநாடி என்றால் அதே ஆட்டத்துக்கு 25 நிமிடம்தான். ஆழமாக யோசிக்கலாம் என்பதற்காகவே கிளாசிக்கல் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்கு அது சரி. என்னைப் போன்ற கிளப் ஆட்டக்காரர்கள் இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வருவோம். நான் கிளாசிக்கலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு: நகர்த்தல்களை எழுதிவைக்கிற தாளான ஸ்கோர்ஷீட்.

கிளாசிக்கலில் இருவரும் நகர்த்தல்களை எழுதியே ஆக வேண்டும். கடிகாரத்தில் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதாமல் ஆடலாம் என்ற சலுகை, நகர்த்தலுக்கு 30 விநாடியோ அதற்கு மேலோ கூடுகிற போட்டிகளில் கிடையாது. கை நடுங்கினாலும் கடைசி நகர்த்தல் வரை எழுத வேண்டும். ராபிடில் இந்தக் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் நடுவரிடம் தாள் கேட்டு வாங்கி எழுதலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் நகர்த்தலுக்குப் பத்து விநாடி மட்டும் கூடுகிற ஆட்டத்தில் யார் எழுதுவார்கள்? நகர்த்தல்களைத் தானே பதிந்துகொள்கிற டிஜிட்டல் போர்டுகளும் பெரும்பாலும் மேல் மேசைகளில்தான் இருக்கும். மற்றவர்களின் ராபிட் ஆட்டம் கையைக் குலுக்கியதோடு காற்றில் கலந்துவிடும். ஒரு நாளில் ஐந்தாறு ரவுண்டு ஆடிவிட்டு வந்தால், மூன்றாவது ரவுண்டில் நல்ல நிலையை எங்கே கெடுத்தோம் என்பது இரவில் நினைவுக்கு வராது. ஓப்பனிங் ஞாபகம் இருக்கும், கடைசி அடி ஞாபகம் இருக்கும், நடுவில் நடந்தது மட்டும் மறந்துபோகும். திருத்த வேண்டியதெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கிறது.

தாளில் நகர்த்தலோடு கடிகார நேரத்தையும் குறிக்கலாம், விதி அதற்கு இடம் தருகிறது. என்னைக் கேட்டால் நகர்த்தலைவிட இதுதான் முக்கியம். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் மீதமுள்ள நிமிடத்தை ஓரமாக எழுதிக்கொண்டே போனால், வீட்டில் தாளைப் பிரிக்கும்போது ஆட்டத்தின் நாடித்துடிப்பே தெரியும். மனப்பாடம் என்று நம்பிக்கொண்டிருந்த ஓப்பனிங்கில் எட்டாவது நகர்த்தலுக்கே இருபது நிமிடம் போயிருக்கும். யானைகளை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம்கூடச் செலவழித்திருக்க மாட்டோம். எந்த நகர்த்தல் தவறு என்பதைச் செஸ் மென்பொருளான எஞ்சின் சொல்லும். அந்த இடத்தில் ஏன் அவசரப்பட்டோம் என்பதற்கு ஓரத்திலுள்ள எண்கள்தான் சாட்சி.

டிரா கேட்பதற்கும் தாள்தான் ஆதாரம். அதே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், நகர்த்தலை ஆடாமல் தாளில் எழுதிவிட்டு நடுவரை அழைக்க வேண்டும். கணக்கு தப்பினால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். ராபிடிலும் இப்படிக் கேட்கிற உரிமை உண்டு. ஆனால் எழுதாமல் ஆடிவிட்டு மூன்று முறை வந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. தாளின் அசல் சட்டப்படி அமைப்பாளர்களுக்குச் சொந்தம், நமக்குக் கார்பன் நகல்தான் கிடைக்கும். அந்த மங்கிய நகலை அன்றைக்கே தெளிவாகப் பிரதியெடுத்துவிடுங்கள். வாரம் கழித்துப் பார்த்தால் நம் கையெழுத்தே நமக்குப் புரியாது.

வேகமாக ஆட ஆசை என்றால் இணையத்தில் ஆடலாமே என்றும் தோன்றுகிறது. அங்கே நகர்த்தலும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். நேரில் ஆடும் ராபிடில் வேகம் மட்டும் கிடைக்கிறது, பதிவு கிடைப்பதில்லை. ஆனால் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும்போது காயை எடுத்துவைத்து, அதே கையால் கடிகாரத்தை அழுத்திப் பழகுவதற்கு ராபிடை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. முதல் போட்டிக்குப் போகிறவருக்கு நான் ராபிடைத்தான் சொல்வேன். ராபிடை ஏதோ இளக்காரமாகப் பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். கொனேரு ஹம்பி 2019இல் வென்ற உலக மகளிர் ராபிட் பட்டத்தை 2024இல் நியூயார்க்கில் 11க்கு 8.5 புள்ளி எடுத்து மறுபடியும் வென்றார். கிளாசிக்கல் உலகப் பட்டத்தையே ராபிட் தீர்மானித்ததும் உண்டு. 2018இல் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் ஆட்டமும் டிரா. பிறகு ராபிடில் கார்ல்சன் மூன்றுக்குச் சுழியம் என்று முடித்துவிட்டார்.

ஆடாமல் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு என் கணக்கு தலைகீழ். அரங்கில் போய் நிற்பதென்றால் ராபிடுக்குப் போங்கள். கிளாசிக்கல் அரங்கில் முதல் ஒன்றரை மணி நேரம் முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், போனை எடுத்து எஞ்சின் பார்க்கவும் முடியாது. வீட்டிலிருந்து நேரலையில் பின்தொடர்வதற்குக் கிளாசிக்கல் அருமை, யார் கை ஓங்கியிருக்கிறது என்று எண்ணில் காட்டுகிற எஞ்சின் பட்டையை மறைத்துவிட்டுப் பார்த்தால். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காகக் குகேஷ், டிங் லிரன் ஆடிய 14ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் மாறிப்போய், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சி, டிங்குக்குத் தோல்வி உறுதியாகிவிடும் முடிவாட்டத்துக்கு அது வழிவிட்டது. பட்டையைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு நொடியில் விழுந்த எண். நிலையை மட்டும் பார்த்தவர்கள், குகேஷின் பிஷப் டி5 கட்டத்துக்கு வரும் என்பதைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

குழந்தைகளை எதில் சேர்ப்பது என்று கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. நான் பார்த்ததெல்லாம் வேலைக்குப் போகிற பெரியவர்களின் ஆட்டம்தான்.

கிளாசிக்கல் என்று முடிவு செய்தால் நாளுக்கு ஒரு ரவுண்டா, இரண்டா என்று பாருங்கள். இரண்டு ரவுண்டு உள்ள நாளில் தாளைப் புரட்ட நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. லீவு முழுசாகக் கிடைக்கவில்லையென்றால் பல போட்டிகளில் ஒரு ரவுண்டுக்கு அரைப்புள்ளி பை (ஆடாமலே அரைப்புள்ளி கிடைக்கிற விலக்கு) கேட்டு வாங்கலாம். கடைசி ரவுண்டுகளுக்கு அனேகமாகத் தரமாட்டார்கள். எந்த ரவுண்டு வரை, எப்போதைக்குள் கேட்க வேண்டும் என்பதெல்லாம் போட்டி அறிவிப்பில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள்.