ரெடிஸில் கீகளைப் பட்டியலிட: கீஸா, ஸ்கேனா?

ரெடிஸ் என்பது தரவை மெமரியில் வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸ். ஒவ்வொரு தரவுக்கும் கீ என்று ஒரு பெயர் இருக்கும். அதில் என்னென்ன கீகள் கிடக்கின்றன என்று பார்க்கச் சொன்னால், பெரும்பாலும் கை முதலில் போவது கீஸ் கட்டளைக்குத்தான். கீஸ், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, என்டர். மொத்தப் பட்டியலும் வந்து விழும். பழைய லாகின் செஷன்களைத் தேடி அழிக்க நான் எழுதிய ஸ்கிரிப்ட்டும் லேப்டாப்பில் 200 கீகளோடு ஜோராக ஓடியது. லைவ் சர்வரில் ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டேன். சொல்லிவைத்தாற்போல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாகின் பக்கம் திணறியது. இரண்டு நாள் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரெடிஸ் கட்டளைகளை ஒரே திரெட்டில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடிக்கும். கீஸ் எல்லாக் கீகளையும் பார்த்து முடிக்கும்வரை மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சாதாரண லேப்டாப்பிலேயே 10 லட்சம் கீகளை 40 மில்லி செகண்டில் அலசிவிடும் என்கிறது ரெடிஸ் ஆவணம். சரி, அதே வேகத்தில் 10 கோடி கீகள் என்றால்? 4 நொடி.

2.8 பதிப்பில் வந்த ஸ்கேன் இதையே தவணை முறையில் செய்கிறது. 0 கொடுத்துத் தொடங்கினால் கொஞ்சம் கீகளும் ஒரு கர்சர் எண்ணும் வரும். அந்த எண்ணைக் கொடுத்து அடுத்த தவணை கேட்க வேண்டும். கர்சர் மறுபடி 0 ஆனால்தான் முடிவு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குறிப்பிட்ட பெயருள்ள கீகளை மட்டும் கேட்டால், எடுத்த பிறகே வடிகட்டுவதால், நடுவில் ஒரு தவணை காலியாகவே வரலாம். அதைப் பார்த்து லூப்பை நிறுத்தினால் பாதிக் கீகள் விட்டுப்போகும். ஒரே கீ இரண்டு முறை வரவும் கூடும். தவணைக்கு எத்தனை என்று சொல்லும் கவுண்ட் கொடுக்காவிட்டால் தவணைக்குச் சுமார் 10 கீகள்தான். நான் 1000 வைப்பேன்.

ஸ்கேன் லூப்பை, ரெடிஸுக்குள்ளேயே ஓடும் லூவா ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். லூவா ஸ்கிரிப்ட் முழுவதும் ஒரே கட்டளைபோல ஓடும். நடுவில் யாருக்கும் வழி விடாது. அதற்கு கீஸையே போட்டிருக்கலாம். லூப் வெளியே, பைத்தானிலோ ஷெல்லிலோ இருக்க வேண்டும்.

அடிக்கடி பட்டியல் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால் இரண்டும் வேண்டாம் என்பேன். கீயை எழுதும்போதே அதன் பெயரை ஒரு சார்ட்டட் செட்டில் (ஸ்கோர் என்ற எண்ணின் வரிசையில் அடுக்கிவைக்கும் பட்டியல்), காலாவதி நேரத்தை ஸ்கோராக வைத்துப் போட்டுவிடலாம். எழுதும் இடத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். காலாவதியான கீகளின் பெயர்கள் தாமாகப் போகாது, ஆனால் ஸ்கோரைப் பார்த்து மொத்தமாக நீக்கிவிடலாம். சாதா செட்டில் போட்டால் அந்த வசதி இல்லாமல் அவை உள்ளேயே தங்கிவிடும்.

என் துப்புரவு ஸ்கிரிப்ட் என்ன ஆனது என்றால், செஷனை எழுதும்போதே அதற்கு ஆயுளை வைத்துவிட்டேன். அது அழிக்க இப்போது ஒன்றும் மிச்சமில்லை.