கிளிக்லசைடா சிட்டாகிளிப்டினா? கல்சியக் கதவ ரெண்டும் தொடுற விதம்

போன ஐப்பசி, கந்தசஷ்டி விரதம் ரெண்டாம் நாள் பின்னேரம், அம்மா குசினிக்குள்ள நிண்டபடியே வேர்த்து ஊத்தி, கை நடுங்கி, "மனே, கண்ணெல்லாம் இருட்டுது" எண்டு கதிரையில இருந்திட்டா. மெசின்ல குத்திப் பாத்தா சுகர் 54. சீனித்தண்ணி கரைச்சுக் குடுக்க கால் மணித்தியாலத்துல தெளிஞ்சிட்டா, எனக்குத்தான் அண்டைக்கு நித்திரை வரல்ல. விடிய வழமை போல சீனி வருத்தத்துக்குப் போடுற கிளிக்லசைட் 80 போட்டிருக்கா, சாப்பாடுதான் இல்ல. காத்தான்குடியில என்ட கூட்டாளி ஒருத்தன், அவன்ட வாப்பாவுக்கும் நோன்புல இதே மாதிரி வந்து மறுகா சிட்டாகிளிப்டினுக்கு மாத்தினவங்க எண்டு சொன்னான், அதுக்குப் பிறகுதான் இந்த ரெண்டு குளிசையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கத் தொடங்கினன்.

ரெண்டும் சதையியில இருக்கிற பீட்டா கலத்தத்தான் இன்சுலின் விடச் சொல்லுது. ஆனா எந்த இடத்துல கை வைக்குது எண்டதுலதான் முழு வித்தியாசமும் கிடக்கு, அது விளங்க கல்சியம் விளங்கணும். (எலும்புக்குப் போடுற கல்சியக் குளிசைய இதோட குழப்ப வேணாம், அதக் கூடுதலாப் போட்டாலும் இன்சுலின் ஏறாது.)

நாம சோறு தின்ன ரத்தத்துல குளுக்கோஸ் ஏறுது, அது பீட்டா கலத்துக்குள்ள போய் எரிஞ்சு ஏடிபி எண்ட சக்தியா மாறுது. கலத்துட சுவருல பொட்டாசியம் வெளிய போற கதவு ஒண்டு இருக்கு, ஏடிபி கூடினா அது மூடிக்கும். மூடினதும் சுவருல இருந்த மின்னழுத்தம், அதாவது மைனஸ் 70 மில்லிவோல்ட் கிட்ட இருந்தது, சரிஞ்சு வர கல்சியக் கதவு திறக்குது. வெளிய இருக்கிற கல்சியம் கலத்துக்குள்ள சுயாதீனமா இருக்கிறத விட கிட்டத்தட்ட 10,000 மடங்கு, அப்ப கதவு கொஞ்சம் திறந்தாலே பாய்ஞ்சு வரும். அது வந்து தொட்டாத்தான் இன்சுலின் நிரப்பின குட்டிக் குட்டிப் பைகள் சுவரோட ஒட்டி உடைஞ்சு வெளிய கொட்டும். கல்சியம் உள்ளுக்கு வரல்லயெண்டா பை நிறைய இன்சுலின் இருந்தும் பிரயோசனமில்ல.

கிளிக்லசைட் நேரா அந்தப் பொட்டாசியக் கதவப் பிடிச்சு மூடிடுது. குளுக்கோஸ் இருக்கா, ஏடிபி கூடினதா எண்டு பாக்கிறதில்ல. கதவு மூட, கல்சியம் பாய, இன்சுலின் வெளிய, அம்மா வெறும் வயித்துல.

சிட்டாகிளிப்டின் கதவுப் பக்கமே போறதில்ல. சாப்பிட்டா குடல் ஜிஎல்பி-1 எண்ட ஹோர்மோன விடும், அத ரெண்டொரு நிமிசத்துல வெட்டிப் போடுற ஒரு நொதியம் இருக்கு, இந்தக் குளிசை அந்த நொதியத்தத் தடுக்குது. மிஞ்சின ஜிஎல்பி-1 பீட்டா கலத்துக்குள்ள சைக்ளிக் ஏஎம்பி எண்ட தகவல் கடத்துற பொருளக் கூட்ட, வந்த அதே கல்சியத்துக்கு கூடப் பைகள் உடையும். குளுக்கோஸ் குறைவா இருந்து கல்சியம் வரவே இல்லயெண்டா கூட்டுறதுக்கு ஒண்டுமில்ல.

எங்கட மட்டக்களப்பு வாவிட முகத்துவாரத்த நினைச்சுப் பாருங்க. மாரியில தண்ணி ஏறி படுவான்கரை வயலெல்லாம் மூழ்கப் போனாத்தான் மண்திட்ட வெட்டி விடுறது. கிளிக்லசைட் மழை வந்ததா இல்லயா எண்டு பாக்காம வெட்டுது. சிட்டாகிளிப்டின், தானா வெட்டுப்பட்டு ஓடத் தொடங்கின வாய்க்கால அகலமாக்கி விடுது.

இந்த ஆபத்து பிறகு கண்டுபிடிச்ச ஒண்டில்ல. 1942ல பிரான்சுல மொன்பெல்லியேல ஜன்போன் எண்ட டாக்டர் நெருப்புக்காய்ச்சல்காரருக்கு ஒரு சல்ஃபா மருந்து குடுக்க சுகர் மோசமா விழுந்தது, அதுல இருந்துதான் கிளிக்லசைட்ட குடும்பமே பிறந்தது. சிட்டாகிளிப்டின் அமெரிக்காவுல அனுமதி எடுத்ததே 2006ல.

அப்ப பழையது கூடாதா? அப்பிடிச் சொல்ல மாட்டன். எச்பிஏ1சிய, அதாவது மூண்டு மாசச் சுகர் சராசரியக் காட்டுற சதவீதத்த, 1 தொடக்கம் 1.5 வரைக்கும் குறைக்கும், மற்றது பொதுவா 0.5 தொடக்கம் 0.8தான். கிளினிக்ல சும்மா கிடைக்குது, மற்றத நாங்க பாமசியில காசுக்குத்தான் எடுக்கிறம், மாசச் சம்பளக்காரருக்கே அது பாரம். பிறந்து ஆறு மாசத்துக்குள்ள சீனி வருத்தம் வாற சில குழந்தைகளுக்கு அந்தப் பொட்டாசியக் கதவே மூடாம இருக்கும், 2004ல அந்த மரபணுப் பிழையக் கண்டுபிடிச்ச பிறகு அதுல கனபேர் இன்சுலின் ஊசிய விட்டிட்டு இதே குடும்பத்துக் குளிசைக்கு மாறினாங்க. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பலவந்தம்தான் உயிர்.

ஆனா விரதம் பிடிக்கிறவ, வயலுக்குப் போய் பகல் சாப்பாடு பிந்துறவர், தனிய இருக்கிற வயசானவங்க, இவங்களுக்கு நான் சிட்டாகிளிப்டின் பக்கம்தான். சிறுநீரகம் பழுதெண்டா அதுக்கும் அளவு குறைக்கணும், ரெண்டையும் சேத்துப் போட்டா சுகர் விழுற பயம் திரும்ப வரும், அதால டாக்டரக் கேக்காம குளிசைய மாத்த வேணாம்.

அந்த 54ஐ கொப்பியில எழுதி கிளினிக் டாக்டரிட்டக் காட்டினன், அவர் கிளிக்லசைட்ட நிப்பாட்டி மெட்ஃபோமின் எண்ட இன்னொரு சீனி வருத்தக் குளிசையோட சிட்டாகிளிப்டின் எழுதினார். மூண்டு மாசத்துல எச்பிஏ1சி 7.1ல இருந்து 7.4 ஆச்சு, எனக்கு அது பரவாயில்ல. இந்த ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துல தீர்த்தமாடிட்டு அம்மா பின்னேரம் வரைக்கும் சாப்பிடாம இருந்தா, மூண்டு தரம் குத்திப் பாத்தன், ஒருக்காக் கூட 96க்குக் கீழ போகல்ல.