110 கொரோலாவின் டைமிங் பெல்ட்: ஒரு பல் தவறிய ஒன்பது மாதமும், திருத்திய பின் ஓடிய மூன்று வருடமும்

என்னிடம் இருப்பது டொயோட்டா 110 கொரோலா கார். 5ஏ-எஃப்இ எஞ்சின், 1498 சிசி. 2020 இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றதும், இதை விற்று வேறொன்று எடுக்கும் எண்ணத்தை விட்டேன். இருப்பதை ஒழுங்காகப் பார்ப்போம் என்று 2021 கடைசியில் டைமிங் பெல்ட்டை மாற்றக் கொடுத்தேன். எஞ்சினின் கீழே பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒரே ஒழுங்கில் சுற்ற வைக்கும் பல் வைத்த பெல்ட் அது, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. எனக்கு முன் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு துண்டும் இல்லை.

மட்டக்களப்பு டவுனில் ஒரு கராஜில் அரை நாளில் முடித்துத் தந்தார்கள். பழைய பெல்ட்டிலும் அது சுற்றும் சக்கரங்களான புல்லிகளிலும் வெள்ளைக் கோடு போட்டு, பல்லை எண்ணி, அதே கோடுகளைப் புதிய பெல்ட்டில் போட்டு ஏற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியான முறை என்றுதான் அப்போது நினைத்தேன். சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. சத்தம் இல்லை, லைட் ஒன்றும் எரியவில்லை.

ஆனால் கார் பழைய கார் இல்லை. ஏசியைப் போட்டு இரண்டாம் கியரில் போனால் மூச்சு வாங்கியது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம். பதுளைக்குப் போகும்போது பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும் ஏற்றத்தில், முன்பு மூன்றாம் கியரில் போன இடமெல்லாம் இரண்டாம் கியர் கேட்டது. பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டர் கழுவினேன். எல்லாம் வீண் செலவு. வயதான எஞ்சின், அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

உண்மையைக் காட்டியது 2022 பெற்றோல் தட்டுப்பாடு. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் வாங்கும் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றானபோது ஒவ்வொரு லீற்றரையும் எழுதி வைத்தேன். லீற்றருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுத்தது. இதே கார் முன்பு பதினொன்றுக்கு மேல் கொடுத்தது.

ஆரையம்பதியில் ஒரு அண்ணன் வீட்டு முற்றத்திலேயே வேலை செய்கிறார். போனட்டைத் திறந்ததும் அவர் பெல்ட் பக்கம் போகவே இல்லை, பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் பார்த்தார். அதைப் பிடித்திருக்கும் ஆணி, நீள ஓட்டையின் ஒரு அந்தத்தில் முட்டிக்கொண்டு நின்றது. “தம்பி, இத யாரு இவ்வளவு திருப்பி வெச்ச?” என்றார்.

இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட். கேம் ஒரு பல் பிந்தினால் வால்வும் பிந்தும், பிளக்கில் தீப்பொறியும் பிந்தும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் தீப்பொறி மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடும், எஞ்சினும் ஓரளவு அமைதியாக ஓடும். வால்வுகள் பிந்தியது பிந்தியதுதான். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, அளந்து பார்த்தார். நான்கு சிலிண்டரும் ஒரே அளவில் குறைவு. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் இப்படி நான்கும் ஒன்றுபோல் விழுவது அரிது என்று சொல்லி, பெல்ட்டைக் கழற்றத் தீர்மானித்தார்.

அடுத்த மூன்று மணித்தியாலத்தில் படித்ததுதான் எனக்குப் பெரிது. எஞ்சினுக்குக் கீழே பலகை வைத்து ஜக்கில் தாங்கி, எஞ்சினைத் தாங்கும் வலப்பக்க மவுண்டைக் கழற்றினார். முதலாம் சிலிண்டரின் பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டுவந்தார். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. அதனால் கீழே கிராங்க் புல்லியின் பூச்சியக் கோடு நேராக வந்தாலும் மேலே கேம் எதிர்ப்பக்கம் நிற்கலாம், அப்போது கிராங்கை இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கேம் புல்லியில் ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளைக்குள்ளால் பார்த்தால் பின்னால் பேரிங் மூடியிலுள்ள கோடு நட்டநடுவே தெரிய வேண்டும். மேலிருந்து சரிந்து பார்த்தபோது என் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடித்து நேராகப் பார்க்கச் சொன்னார். கோடு துளையின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. “அடையாளம் பெல்ட்டில இல்ல தம்பி, எஞ்சினில இரிக்கு” என்றார். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும், பழைய பெல்ட்டே தவறாக இருந்திருந்தாலும், வெள்ளைக் கோடு அந்தப் பிழையை அப்படியே கொண்டுவரும்.

இந்த எஞ்சினில் இரண்டு கேம் இருந்தாலும் பெல்ட் சுற்றுவது ஒன்றைத்தான். மற்றது உள்ளே பற்சக்கரத்தால் அதனோடு சேர்ந்து சுற்றும். எனவே வெளியில் பார்க்க வேண்டிய துளை ஒன்றே. இரண்டு புல்லி உள்ள எஞ்சின் என்றால் இரண்டையும் தனித்தனியாக நேர் பார்க்க வேண்டும், பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங் ஒரு கேமைத் தட்டி நகர்த்தவும் கூடும்.

பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கி, ஐட்லர் (பெல்ட்டை ஸ்பிரிங்கால் அழுத்தி இறுக்கமாக வைக்கும் உருளை) இல்லாத பக்கத்தைத் தொய்வே இல்லாமல் இழுத்துப் பிடித்துக் கேமில் ஏற்றினார். தொய்வு முழுவதும் ஐட்லர் பக்கம் வர வேண்டும். மறுபக்கம் கொஞ்சம் தொய்ந்திருந்தால் ஐட்லரை விட்டதும் கேம் நகர்ந்து ஒரு பல் போய்விடும். பிறகு ஐட்லர் ஆணியை இளக்கி ஸ்பிரிங்கை இழுக்க விட்டு, கிராங்கைக் கையால் வலஞ்சுழியாக இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடியும் துளையைப் பார்த்து, அப்புறம்தான் இறுக்கினார். இந்த இரண்டு சுற்றை விடவே கூடாது. கடைசியில் போனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் வயரால் இணைத்து, டைமிங் லைட்டில் பார்த்துத் தீப்பொறி நேரத்தை 10 டிகிரியில் வைத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் ஆணி ஓட்டையின் நடுவில் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பெல்ட் ஒன்பது மாதப் பழசுதான் என்பதால், சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டு அதையே மாட்டினார். ஐட்லர், அதன் ஸ்பிரிங், கிராங்க் சீல், கேம் சீல் நான்கும் புதிது. முதல் கராஜ் இவற்றைத் தொடவே இல்லை. தண்ணீர்ப் பம்பை இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் சுற்றுவதில்லை. ஒழுகாவிட்டால் இதற்காக அதை மாற்றத் தேவையில்லை.

இப்போது மூன்று வருடம், முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். பெற்றோல் பதினொன்றரைக்குத் திரும்பிவிட்டது. நடுக்கம் இல்லை. லுணுகலை ஏற்றம் மூன்றாம் கியரில் போகிறது. கொழும்புக்கு எத்தனையோ தடவை போய்வந்தாயிற்று, ஒரு தரமும் வழியில் நிறுத்தவில்லை.

போன மாதம் மேல் மூடியைத் திறந்து பார்த்தோம். பெல்ட்டில் வெடிப்பு இல்லை, ஓரம் பிய்யவில்லை. வால்வு மூடிப் பக்கமிருந்து கொஞ்சம் ஒயில் கசிந்து வழிந்திருந்தது. ஒயில் பெல்ட்டைத் தின்றுவிடும் என்பதால் கேஸ்கெட்டை அன்றைக்கே மாற்றினோம். எங்கள் வீடு கல்லடிக் கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் மூடியின் ஆணிகள் இரண்டு துருப்பிடித்து இறுகி, ஒன்று கழற்றும்போதே முறிந்தது. மணல் உள்ளே போகாமல் அதற்கும் புது ஆணி போட்டு, பெல்ட் போட்ட திகதியையும் மீட்டர் கணக்கையும் மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதி வைத்தேன்.