கிரானைட் ஸ்லாப் ரிவ்யூ: சைஸ், கனம், பினிஷிங் முடிவு பண்ணிட்டு கலருக்கு போங்க

எங்க வீட்டுக்கு கிச்சன், படிக்கட்டு, போர்ட்டிகோ, ஜன்னல் சில் (ஜன்னலோட அடிப்பக்கத்துல படுக்க வைக்கற கல்லு) எல்லாத்துக்கும் கிரானைட் தான் போட்டோம். ஓசூர், பெங்களூர் பக்கத்துல இருக்கற ஜிகணி பக்கம் போய் நாங்களே பாத்து எடுத்தது. மழை, வெயில், சமையல் எண்ணெய், வண்டி டயர்னு எல்லாம் பட்டு இப்ப ஒவ்வொரு கல்லோட குணமும் தெரிஞ்சிடுச்சு, அதனால எந்த கல்லு எந்த எடத்துல எப்படி இருக்குனு எழுதிடறேன். கல்லு எடுக்கப் போறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது என்ன கலர் நல்லாருக்கும்னு தான். என்னைய கேட்டா கலர் கடைசி. அந்த எடத்துக்கு எவ்ளோ அகலம் வேணும், எவ்ளோ கனம் வேணும், மேல என்ன பினிஷிங் வேணும்னு மூணும் முடிவாகட்டும், அப்புறம் அந்த சைஸ்ல அந்த கனத்துல என்னென்ன கலர் இருக்கோ அதுல புடிச்சத எடுங்க. கலர பாத்து மயங்கி எடுத்தா கல்லுல பாதி கழிவா போகும், இல்லனா பொருந்தாத எடத்துல போய் உக்காரும்.

கிச்சன் மேடைக்கு போட்டது பிளாக் கேலக்ஸி, பாலிஷ். ஆந்திராவுல ஓங்கோல் பக்கத்துல சீமகுர்த்தினு ஒரு ஊரு, அங்க வெட்டி எடுக்கற கல்லு தான் உலகம் பூரா போகுது. கருப்புல தங்கப் பொடி தூவின மாதிரி மின்னுதே, அது பிரான்ஸைட்னு ஒரு கனிமம். புவியியல் படிச்சவங்க இத கிரானைட்னே சொல்ல மாட்டாங்க, கேப்ரோங்கற வேற பாறை வகையில சேப்பாங்க, கடையில மட்டும் எல்லாமே கிரானைட் தான். சமையல் மேடைக்கு இது அருமையான கல்லு, நெருக்கமா இருக்கறதால தண்ணி எண்ணெய் எதையும் லேசுல உறிஞ்சாது. புளிக்கரைசல், தயிர், எலுமிச்சம்பழம், மஞ்சத்தூள் எது சிந்தினாலும் தொடச்சா போயிடுது, குக்கர சூடா எறக்கி வைக்கறோம், ஒண்ணும் ஆகல. குறைனு சொன்னா உப்புத் தண்ணி தான். எங்களுக்கு போர் தண்ணி, காய்ஞ்சா வெள்ளையா படியும், கருப்புல அது பளிச்சுனு தெரியும், சிங்க் சுத்தி ஈரத்த உடனே துணியால ஒத்தி எடுத்துடணும்.

சைஸ் விஷயம் கிச்சன்ல தான் ரொம்ப முக்கியம். ஸ்லாப் நிறுத்தி வச்சு விக்கற யார்டுல ரெண்டு விதமா ஸ்லாப் நிக்கும், கட்டர் சைஸ், கேங்சா சைஸ். கட்டர்ல வட்ட பிளேடால அறுக்கறது, அகலம் ரெண்டு அடில இருந்து மூணு மூணரை அடி வரைக்கும் இருக்கும், நீளம் ஆறுல இருந்து ஒம்பது அடி. கேங்சாங்கறது பெரிய பிளாக்க மொத்தமா வரிசை பிளேடு விட்டு அறுக்கறது, அகலமே அஞ்சு ஆறு அடி வரும், ரேட்டும் கூட. மேடை ஆழம் ரெண்டு அடி, முன்னாடி ஒரு இன்ச் ஒன்றரை இன்ச் வெளிய தள்ளி நிக்கணும், ஆக இருபத்தஞ்சரை இன்ச் வேணும். சரியா ரெண்டு அடி அகல ஸ்லாப் எடுத்தீங்கனா பத்தாது. முப்பது இன்ச் ஸ்லாப் எடுத்தா மேடை போக நாலு இன்ச் பட்டை மிச்சம், அது அப்படியே செவுத்து ஓரம் ஸ்கர்டிங்குக்கு ஆச்சு. மூணு அடி அகலம் எடுத்தா பத்து இன்ச் மிஞ்சும், அதுக்கு ஒரு வேலை முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தா தான் லாபம், இல்லனா காசு குடுத்து வாங்குன கல்லு மொட்டை மாடில கெடக்கும். அஞ்சரை அடி கேங்சா ஸ்லாப்னா ரெண்டு மேடை பட்டையும் மேல பதினஞ்சு இன்ச்சும் வரும், எல் ஷேப் கிச்சனுக்கு ரெண்டு கையும் ஒரே ஸ்லாப்ல வர்றதால டிசைன் மாறாது. நாங்க கிச்சனுக்கு மட்டும் கேங்சா எடுத்தோம், மத்ததெல்லாம் கட்டர். ஜாயின்ட் எங்க வருதுனு பேப்பர்ல வரைஞ்சு குடுத்துடுங்க, சிங்க் வெட்டுற எடத்துல ஜாயின்ட் வரவே கூடாது.

சிங்க்குனு சொன்னதும் ஞாபகம் வருது, பதினெட்டு இன்ச் ஆழ சிங்க் வெட்டினா முன்னாடி பின்னாடி சேத்து ஏழு ஏழரை இன்ச் தான் கல்லு மிச்சம். முன்பக்கம் நிக்கற அந்த மூணு இன்ச் பட்டை தான் தூக்கி வைக்கும்போது ஒடையற எடம். மூலையில சதுரமா வெட்டாம மொதல்ல டிரில் போட்டு ஓட்டை எடுத்து, அதோட சேத்து வெட்டி உருட்டி விட சொல்லுங்க, சதுர மூலைல இருந்து தான் கோடு கோடா கிராக் ஓடும். எங்களுக்கு போட்ட அண்ணன் இத நாங்க சொல்லாமயே செஞ்சாரு, வேலை தெரிஞ்ச கை.

அடுத்து கனம். பதினெட்டு எம்எம்னு வாய் வார்த்தையா சொல்றத நம்பவே வேண்டாம். ஒரு கடையில பதினெட்டுனு பில் போட வந்த ஸ்லாப்ப, துல்லியமா அளக்கற வெர்னியர் கருவி வச்சு பாத்தா ஒரு மூலைல பதினஞ்சு, இன்னொரு மூலைல பதினேழு. கேட்டா பாலிஷ்ல போயிடும் சார்ங்கறாங்க. பாலிஷ்ல கொஞ்சம் போறது உண்மை, மூணு எம்எம் எல்லாம் போகாது. அந்தக் கடைய விட்டுட்டு வந்துட்டோம். கனம் எதுக்கு இவ்ளோ பாக்கணும்னா, கல்லோட வளைவு தாங்கற பலம் கனத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது பதினாறு எம்எம் விட இருபது எம்எம் ஒன்றரை மடங்குக்கு மேல தாங்கும். பாக்க நாலு எம்எம் தான், தாங்கறதுல எவ்ளோ வித்தியாசம் பாருங்க. அதுக்காக எல்லா எடத்துலயும் கனமா போடணும்னு இல்ல. கீழ கான்கிரீட் மேடையோ கடப்பா கல்லோ முழுசா தாங்குதுனா பதினெட்டு தாராளம். மாடுலர் கிச்சன், கீழ பெட்டி மட்டும் தான், நடுவுல தாங்கல் இல்லனா இருபது. சாப்பிடற கவுன்டர் மாதிரி ஒரு அடி வெளிய நீட்டிட்டு நிக்கறதுக்கு முப்பது எம்எம் போங்க, இல்லனா கீழ இரும்பு பிராக்கெட் குடுங்க. ஜன்னல் சில்லுக்கு பதினாறே போதும்.

எடையும் கணக்கு பண்ணிக்கோங்க. பதினெட்டு எம்எம்ல சாதா கிரானைட் சதுரடிக்கு நாலரை கிலோ வரும், கருப்பு கல்லு அடர்த்தி கூட, அஞ்சு கிலோ. ஒம்பதுக்கு அஞ்சரை அடி கருப்பு ஸ்லாப் ஒண்ணு கிட்டத்தட்ட 250 கிலோ. மூணாவது மாடில வீடுனா எப்படி ஏத்துவாங்கனு ஸ்லாப் எடுக்கறதுக்கு முன்னாடி பேசிடணும், லிப்ட்ல போகுமா, படிக்கட்டு திரும்பற எடத்துல திரும்புமானு.

படிக்கட்டுக்கு ஸ்டீல் கிரே, லபோத்ரா பினிஷிங். எங்க வீட்ல இதுக்கு தான் ரொம்ப விவாதம் நடந்துச்சு, எல்லாரும் பாலிஷ் போட்டா தான் வீடு வெளிச்சமா இருக்கும்னாங்க. அப்பாவுக்கு முட்டி வலி, கைப்பிடிய புடிச்சு ஒவ்வொரு படியா எறங்குவாரு, ஈரக்கால்ல பாலிஷ் கல்லு எவ்ளோ வழுக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பாலிஷ் போட்டு மூணு கோடு குரூவ் போடறது ஒரு வழி, ஆனா குரூவ்ல அழுக்கு சேரும், கால் பூரா கல்லுல தான் படுது, கோடு இருக்கறது முன்னாடி ஓரத்துல மட்டும். லபோத்ராங்கறது லேசா மேடு பள்ளமா, தொட்டா மெத்துனு, பளபளப்பும் கொஞ்சம் இருக்கும். லெதர் பினிஷிங்கும் கிட்டத்தட்ட அதே குடும்பம், இன்னும் கொஞ்சம் மங்கலா இருக்கும். ரெண்டுக்கும் சதுரடிக்கு தனியா காசு போடுவாங்க, குடுக்கலாம். அப்பா இப்ப தைரியமா எறங்கறாரு, எனக்கு அந்த ஒண்ணு போதும்.

படிக்கட்டுக்கு ஸ்லாப் சைஸ் பாக்கும்போது ஒரு நுணுக்கம். படி அகலம் மூணரை அடினா ஏழு அடி ஸ்லாப்ல ரெண்டு படி வரும்னு கணக்கு போடுவோம், வராது. ரெண்டு முனையும் கரடா இருக்கும், அத நேராக்க வெட்டணும், பிளேடு வேற ஒவ்வொரு வெட்டுக்கும் மூணு நாலு எம்எம் தின்னும். ஏழேகால் அடி இருந்தா தான் ரெண்டு படி. அதே மாதிரி எல்லா படிக்கும் ஒரே கனம் வேணும், ஒண்ணு பதினாறு ஒண்ணு இருபதுனா கலவைல சரி பண்ணனும், சரியா பண்ணலனா படி உயரம் மாறி கால் தடுக்கும். கீழ் தரைக்கும் மேல் தரைக்கும் என்ன கனத்துல டைல்ஸ் வருதுனு மேஸ்திரிக்கு முதல்லயே சொல்லிடுங்க, மொத படியும் கடைசி படியும் தான் எப்பவும் உயரம் மாறி நிக்கும்.

போர்ட்டிகோவுக்கு பிளேம்டு. சாம்பல் கலர் கிரானைட் மேல தீ ஜுவாலைய விட்டு எரிச்சு எடுக்கறது. கல்லுல இருக்கற குவார்ட்ஸ்ங்கற கனிமம் சூட்டுல விரிஞ்சு மேல் பொருக்கு தெறிச்சு விழும், அதனால சொரசொரப்பு. குவார்ட்ஸ் இல்லாத கருப்பு கல்லுல இது சரியா வராது, கடையில கருப்ப பிளேம்டு பண்ணித் தர்றோம்னு சொன்னா சாம்பிள் துண்டு பாக்காம ஒத்துக்காதீங்க. எரிச்சதுல ரெண்டு மூணு எம்எம் போயிடும், அதனால இருபதுல ஆரம்பிக்கணும். மழையில வண்டி ஏத்தினாலும் நடந்தாலும் துளி வழுக்கல. செம்மண்ணு மட்டும் சந்துல உக்காந்துக்கும், தொடப்பத்துல போகாது, பிரஷ் போட்டு தேய்க்கணும். கார் நிக்கற எடம்னா கலவைய முழுசா பரப்பி கல்ல படுக்க வைக்கணும், அங்கங்க உருண்டை வச்சு ஒட்டினா அடில காலி எடம் நின்னு ஒரு நாள் வெடிக்கும். காய்ஞ்ச பிறகு சுத்தியல் கைப்பிடியால தட்டிப் பாருங்க, டொக்குனு காலி சத்தம் கேட்டா அப்பவே எடுத்து போட சொல்லுங்க.

வெள்ளைக் கல்லு ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. காஷ்மீர் ஒயிட்னு சொல்றாங்களே அது காஷ்மீர்ல இருந்து வரல, நம்ம மதுரை மேலூர் பக்கத்து கல்லு தான். செவப்பு செவப்பா தெரியற புள்ளி கார்னெட்ங்கற கனிமம். பாக்க ரொம்ப அழகு, ஆனா உறிஞ்சற கல்லு. எங்க சித்தி வீட்ல பூஜை ரூம்ல போட்டிருக்காங்க, விளக்கு எண்ணெய் எறங்கி வட்டம் வட்டமா நிக்குது, எத போட்டு தேய்ச்சும் போகல. பாத்ரூம் மாதிரி எப்பவும் ஈரம் இருக்கற எடத்துல உள்ள இருக்கற இரும்புச் சத்து துருவா மஞ்சள் அடிக்கும். ஹால் செவுத்துக்கு போடுங்க, அழகா நிக்கும், அதுக்கும் உறிஞ்சாம தடுக்கற சீலர் அடிச்சுட்டு. கடையில சாம்பிள் துண்டு மேல நாலு சொட்டு தண்ணி விட்டு அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தா கல்லு உறிஞ்சுதா இல்லயானு அதுவே காட்டிடும், அந்த எடம் கருப்படிச்சு நின்னா உறிஞ்சுதுனு அர்த்தம்.

கடைசியா நாங்க எடுத்த யார்டு பத்தி. ஸ்லாப்ப வெயில்ல ஸ்டாண்டுல நிக்க வச்சு தண்ணி ஊத்தி கழுவி காட்டினாங்க, அது ரொம்ப புடிச்சது. ஈரம் காயும்போது நல்ல எடம் சீக்கிரம் காஞ்சிடும், ஹேர்லைன் கிராக், அதாவது முடி மாதிரி மெல்லிய விரிசல் இருந்தா அந்த கோடு மட்டும் ஈரமாவே நிக்கும். பின்பக்கம் திருப்பியும் காட்டினாங்க. பின்னாடி வலை ஒட்டியிருந்தா கல்லு பலவீனம்னு தாங்கல் குடுத்திருக்காங்கனு புரிஞ்சிக்கலாம், அப்படி ஒட்டறது தப்பில்ல, சொல்லாம விக்கறது தான் தப்பு. கருப்பு கல்லுனா வெள்ளைத் துணில அசிட்டோன் நனைச்சு தேய்ச்சு பாருங்க, துணில கருப்பு ஒட்டினா சாயம் ஏத்தின கல்லு. ஒரே பிளாக்ல அறுத்ததுக்கு வரிசை நம்பர் எழுதியிருப்பாங்க, அந்த வரிசையிலயே எடுங்க, ஒரு ஸ்லாப் கூடவே எடுங்க, அப்புறம் போனா அந்த லாட் இருக்காது. அளக்கும்போது ஒடஞ்ச மூலைய கழிச்சு அளக்கணும், பக்கத்துல நின்னு நீங்களும் டேப் புடிங்க. பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏத்து கூலி, வண்டி வாடகை, ஓரத்த உருட்டி விடற மோல்டிங்குக்கு நீள அடி கணக்குனு எல்லாம் தனித்தனியா ஏறும், சதுரடி ரேட்ட மட்டும் வச்சு பட்ஜெட் போடாதீங்க. வண்டில ஸ்லாப்ப நிக்க வச்சு கட்டி தான் அனுப்பணும், படுக்க போட்டா வேகத்தடைலயே ஒடஞ்சிடும்.

வேலை நடக்கும்போது வெட்டறத தண்ணி விட்டு வெட்ட சொல்லுங்க. கிரானைட் தூசில சிலிகா இருக்கு, வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வரும், வெட்டற தம்பிங்க துண்ட வாயில கட்டிக்கிட்டு வேலை செய்றத பாத்தா மனசு கேக்கல, நல்ல மாஸ்க் வாங்கி குடுங்க, பெரிய செலவில்ல. வேலை முடிஞ்சதும் சிமெண்ட் கறை போறதுக்கு ஆசிட் ஊத்தி கழுவறேன்னு கேனோட வருவாங்க, வேண்டவே வேண்டாம்னு சொல்லிடுங்க, வெள்ளை கல்லு மஞ்சளாகும், பாலிஷ் மங்கிடும். சோப்புத் தண்ணியும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் வச்சு பொறுமையா சொரண்டினா எங்க வீட்ல எல்லா கறையும் போயிடுச்சு.