பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் வழியில், செம்மோர் பக்கம் கந்தான் மலை தெரியும். அதன் சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமெண்டாக்கும் ஆலை அடிவாரத்திலேயே இருக்கிறது. தோட்டத்துக் கோயில்களில் திருப்பணி பேசும்போது சுவருக்கு எதைப் பூசுவது என்று வாதாடுகிறோமே, அந்த இரண்டுக்கும் மூலம் இந்த வகைக் கல்தான். ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண்ணோடு சேர்த்து 1450 பாகை வரை சுட்டு அரைத்தால் சிமெண்ட்.

புதிய கான்கிரீட் தூண், தரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குச் சிமெண்ட்தான். சில மணி நேரத்தில் இறுகும். எந்தக் கொத்தனாருக்கும் பழக்கம்.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரின் கதை வேறு. அத்தகைய சுவர்கள் பலவற்றின் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். காரையாக இருந்தால் அதன் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளே தேங்கி, இன்னும் உயரே ஏறி, சுமந்து வந்த உப்பால் செங்கல்லின் முகத்தை அரிக்கிறது. வெளிப்பூச்சு கெட்டியாக நிற்கும். தட்டினால் பொள்ளென்று கேட்கும். பெயர்த்தால் செங்கல்லும் பெயர்ந்து வரும். இதைக் கண்ட பிறகும் 'சிமெண்ட்தான் உறுதி' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரைக்குப் பொறுமை வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது மீண்டும் கல்லாகிறது. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகக் காத்திருக்க வேண்டும். மாலை மழைக்குப் படுதா கட்ட வேண்டும். வேலை தெரிந்தவர் அரிது, கூலியும் கூடும். குடமுழுக்கு நாளைக் குறித்துவிட்டு இதைத் தொடங்கவே கூடாது.

சுண்ணாம்பையும் சிமெண்டையும் பாதிக்குப் பாதி கலக்கலாம் என்பார்கள். வேண்டாம், ஈரம் வெளியேறும் வழி குறைந்துவிடும். காரையின் மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அப்படித்தான், வெள்ளையடிப்பதே போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோட்டங்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புத் தூள் வெறும் அரைத்த கல். சுடப்படாதது, சுவரில் இறுகாது. சுட்டபின் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் காற்றுப் புகாத புது மூட்டையாக.