"ஸ்டே வாங்கியாச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பி அம்மாவின் மனையை விட்டோம்: நிலத் தகராறில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

அம்மா பெயரில் உள்ள 6 சென்ட் காலிமனையில் இன்று வேறொருவர் கட்டிய காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. பத்திரம், பட்டா, வரி ரசீது, வில்லங்கச் சான்று எல்லாம் எங்களிடம்தான் இருக்கின்றன. ஆனாலும் இடம் கைவிட்டுப் போனது. கோர்ட்டுக்குப் போகாததால் அல்ல, போன பிறகுதான் போனது. எங்கள் வக்கீலின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், இன்னொரு குடும்பத்துக்கு இது நேரக்கூடாது என்பதற்காக.

பக்கத்து மனையைப் புதிதாக வாங்கியவர் ஒரு நாள் ஆட்களோடு வந்து எங்கள் முள்வேலியைப் பிடுங்கினார். தன் கிரயப் பத்திரத்தில் எங்கள் மனையின் கிழக்குப் பகுதியும் சேர்ந்திருக்கிறது என்றார். அன்று சத்தம்போட்டு அனுப்பிவிட்டு, வேலியைத் திரும்ப நட்டு, அந்த வாரமே உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிராளி இடத்தில் தலையிடக்கூடாது என்ற கோர்ட் தடை) கேட்டு வழக்குப் போட்டோம். கூடவே இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனு. கோர்ட் வட்டாரத்தில் இந்த மாதிரி இடைக்கால மனுவை ஐ.ஏ. என்பார்கள்.

மனு விசாரணைக்கு வந்த அன்று சாயங்காலம் வக்கீல் போன் செய்தார். "அம்மாகிட்ட சொல்லுங்க, ஆர்டர் ஆயிடுச்சு. ஸ்டே வாங்கியாச்சு. இனி அவன் உள்ளே கால் வைக்க முடியாது." அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து அழுதார். அன்றே நகல் கேட்டிருக்க வேண்டும். கேட்டோம், "காப்பி வர நாளாகும்" என்றார். சரி என்று விட்டுவிட்டோம்.

முப்பத்து மூன்றாவது நாள் விடிகாலையில் ஜேசிபி வந்தது. நான் வழக்கு எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினேன். உதவி ஆய்வாளர் பொறுமையாகத்தான் கேட்டார்: "ஆர்டர் காப்பி எங்கே?" இல்லை என்றேன். "காப்பி இல்லாம நான் எதை வெச்சு அவங்களை நிறுத்தறது? இது சிவில் மேட்டர்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது நான் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

காவல் நிலைய வாசலில் நின்றபடியே ஒரு நண்பர் சொல்லி, வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் அம்மா பெயரைப் போட்டுத் தேடினேன். வழக்கு வந்தது. எங்கள் ஐ.ஏ.வுக்கு நேராக இருந்தது "நோட்டீஸ்" என்ற ஒரே சொல், பக்கத்தில் அடுத்த வாய்தா தேதி. தடை உத்தரவு எதுவும் இல்லை. நீதிபதி செய்தது எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னது மட்டும். அந்த நோட்டீஸை அனுப்புவதற்கான கட்டணத்தை (பேட்டா) கூட எங்கள் தரப்பில் கட்டவில்லை என்று மறுநாள் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. அதாவது 33 நாளும் எதிராளிக்குக் கோர்ட்டிலிருந்து ஒரு தாள்கூடப் போகவில்லை. அவர் பாட்டுக்கு ஜேசிபியோடு வந்து சுவர் எழுப்பத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் அனுப்பியது நீதிபதியின் தவறு அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 3 சொல்வதே அதுதான்: எதிர்த்தரப்புக்கு அறிவித்துவிட்டுத்தான் இடைக்காலத் தடை. தாமதித்தால் காரியமே கெட்டுவிடும் என்று தோன்றினால் மட்டும், காரணத்தை எழுதி, அறிவிப்பில்லாமல் தரலாம். அப்படித் தந்தால் மனு, பிராது (வழக்குரை), ஆவணங்களின் நகல்களை மனுதாரர் உடனே எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கு உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று விதி 3ஏ சொல்கிறது. எங்கள் மனுவில் ஆட்களோடு வந்து வேலியைப் பிடுங்கியதன் போட்டோ ஒன்றுகூட இல்லை. அவசரம் என்று நீதிபதிக்குக் காட்ட எதுவுமே வைக்கவில்லை. போட்டோக்கள் என் போனில் இருந்தன, வக்கீல் கேட்கவே இல்லை.

அதைவிடப் பெரிய அடி அடுத்த வாய்தாவில். சுவர் எழும்பிவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினோம். அன்று கோர்ட்டில், இருதரப்பும் தற்போதைய நிலையை நீடிக்க வேண்டும் என்று உத்தரவானது. ஸ்டேட்டஸ் கோ. எங்கள் வக்கீல் வெளியே வந்து, "பார்த்தீங்களா, ஆர்டர் வாங்கிட்டேன்" என்றார். நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டோம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: தற்போதைய நிலை என்றால் சுவரோடு கூடிய நிலை! இனி அந்தச் சுவரை நாங்கள் தொட்டால் நாங்கள்தான் உத்தரவை மீறியவர்கள். அதே கட்டளை 39-இன் விதி 2ஏ-இன்படி சொத்து ஜப்தி ஆகலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறைகூட உண்டு. எந்தத் தேதியில் இருந்த நிலை, இடம் யார் சுவாதீனத்தில் (கைவசத்தில்) இருக்கிறது என்று ஒரு வரி அந்த உத்தரவில் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது யார்?

கோர்ட் சார்பில் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்க கட்டளை 26, விதி 9-இன் கீழ் மனுப் போட்டிருக்கலாம். வழக்குப் போட்ட வாரமே அவர் இடத்தைப் பார்த்து, எங்கள் வேலி நின்றதையும் அளவுகளையும் குறித்திருப்பார். சுவர் பிறகு எழுந்தாலும் முன்பு எப்படி இருந்தது என்பதற்குக் கோர்ட்டின் ஆளே சாட்சி. எங்கள் வக்கீலிடம் நான் இரண்டு முறை கேட்டேன். "அதெல்லாம் இப்ப வேண்டாம்" என்றார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. இதை எழுதும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்), 1963, பிரிவு 6: சம்மதமில்லாமல், சட்ட வழியில்லாமல் ஒருவரை இடத்திலிருந்து வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் அந்த வழக்கில் கோர்ட் போகவே வேண்டியதில்லை. நான் இருந்தேன், வெளியேற்றினார்கள் என்று காட்டினால் போதும். (வெளியேற்றியது அரசாங்கம் என்றால் மட்டும் இந்த வழி கிடையாது.) எங்களுக்கென்றே செய்துவைத்த மாதிரியான பிரிவு. இதைப் பற்றி வக்கீல் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்தாக்கள் ஓடின, ஆறு மாதமும் ஓடிவிட்டது.

அப்புறம்தான் வேறு வக்கீலைத் தேடினோம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரில் மனுக் கொடுத்தோம். அங்கிருந்து வந்த வக்கீல் மேடம் வழக்குக் கட்டை முழுக்கப் படித்துவிட்டு முதலில் கேட்டது: "அவர் கையில கிரயப் பத்திரம் இருக்குன்னு ஆரம்பத்திலேயே தெரியும் இல்லையா? அப்புறம் ஏன் வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு?" எதிராளி உரிமையையே மறுத்து ஒரு பத்திரத்தைக் காட்டும்போது உரிமை விளம்புகையும் (இடம் நம்முடையது என்று கோர்ட் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் அனதுலா சுதாகர் வழக்கில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறதாம். சுவரை இப்போதே இடிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்க முடியாதா என்று கேட்டேன். கேட்கலாம், ஆனால் தடை கேட்பதைவிட அதற்கு மிக வலுவான முகாந்திரம் வேண்டும், இத்தனை மாதம் சும்மா இருந்ததையே எதிர்த்தரப்பு நம்மேல் திருப்பும் என்றார்.

வழக்கில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உத்தரவான அன்றே நகல் மனுப் போடச் சொல்லுங்கள். நகல் கைக்கு வரும்வரை இ-கோர்ட்ஸில் நீங்களே பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணை (உங்கள் வழக்குக்கான தனி அடையாள எண்) முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகல் வந்ததும் சொத்து விவரத்தை உங்கள் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்கள் பிராதில் பழைய உட்பிரிவு எண் இருந்ததை மேடம்தான் கண்டுபிடித்தார். தடையே கிடைத்திருந்தாலும் அது வேறு இடத்துக்கான தடையாகியிருக்கும்.

உங்கள்மேல் யாராவது பொய்யாக வழக்குப் போட்டு அறிவிப்பில்லாமல் தடை வாங்கிவிடுவார்களோ என்று பயமிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 148ஏ-இன்படி முன்கூட்டியே கேவியட் (என்னையும் கேளுங்கள் என்ற முன்னெச்சரிக்கை மனு) போட்டுவையுங்கள். உங்களைக் கேட்காமல் உத்தரவு போகாது. 90 நாள்தான் செல்லும், மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது விளம்புகையும் சுவாதீனமும் கேட்டுப் புது வழக்கு நடக்கிறது. பழைய வக்கீல்மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம். போன மாதம் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்தார். அப்பா இருந்த காலத்தில் சர்வேயர் நட்ட எல்லைக்கல்லைத் தேடினோம். சுவருக்கு அந்தப் பக்கம், எட்டடி உள்ளே, சிமெண்ட் சல்லிக்கு அடியில் கிடந்தது. கமிஷனர் குனிந்து சல்லியைக் கையால் தள்ளி, கல்லின் தலையைப் போட்டோ எடுத்து, அளவைக் குறித்துக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு அது தெரியவில்லை. "இருக்கா? கல்லு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.