வீல்ஹவுஸ் (போட்டு ஓட்டுற கேபின்) கண்ணாடிக்கு சீலன்ட் (ஓரம் அடைக்கிற பசை) அடிக்க ஆள் விடுறவங்க ஒருக்கா இத படிங்க

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மீன்பிடி போட்டு (படகு) வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன். ஜூன் 1 முதல் ஜூலை 31 வர மீன்பிடி தடைகாலத்துலதான் நம்ம மராமத்து எல்லாம் பாக்கோம், அது தெரிஞ்சே சிலபேரு கரைல ஏத்தி வச்சிருக்க போட்டு ஒவ்வொண்ணா ஏறி வேல பிடிக்கான். அப்பிடி நம்ம போட்டுக்கு வந்த ஒருத்தன், கண்ணாடி ஓரமெல்லாம் மெரைன் சீலன்ட் அடிச்சு தாறேன், அஞ்சு வருசத்துக்கு ஒரு சொட்டு வெள்ளம் உள்ள வராதுண்ணேன்னு சொல்லி, சாதா சிலிக்கானுக்கு ஆகுறதுல மூணு மடங்கு காசு வாங்கிட்டு போனான்.

ஆகஸ்ட்ல கடல் எப்பிடி இருக்கும்னு உங்களுக்கு சொல்ல வேண்டாம். முன் கண்ணாடில அல அடிக்க அடிக்க வெள்ளம் பிளைவுட்டுக்கு பின்னால இறங்கி நேரா வயரிங் போர்டு மேல சொட்டிருக்கு, ராத்திரி ஆழ்கடல்ல வச்சு வயர்லெஸ் செத்துப்போச்சு. பையன்மாரு கைலிய கிழிச்சு ஓரத்துல திணிச்சு வச்சு எப்பிடியோ கர சேந்தாங்க. பத்து உயிரு இருக்க போட்டுல இந்த வேல செய்ய அவனுக்கு எப்பிடி மனசு வந்துச்சோ.

கரைக்கு வந்த பெறவு நகத்த வச்சு ஒரு ஓரத்த இழுத்தா பாம்பு சட்ட மாதிரி அப்பிடியே முழுசா உரிஞ்சு வருது. அடில பழைய சிலிக்கான், கறுப்பா பூசணம் பிடிச்சு, சுரண்டவே இல்ல. காஞ்ச சிலிக்கான் மேல புதுசு எதுவும் சரியா ஒட்டாது, இது வேல தெரிஞ்ச யாருக்கும் தெரியும். அதுவும் இடவப்பாதி (தென்மேற்கு பருவ) மழைல, நனஞ்ச மரத்துல அடிச்சிருக்கான். கேபினுக்குள்ள கிடந்த காலி டியூப்ப மோந்து பாத்தா புளிச்ச வினிகர் வாட, அது பாத்ரூமுக்கும் மீன்தொட்டிக்கும் அடிக்கிற ஐட்டம். காயும்போது அதுல இருந்து ஆசிட் வரும், இரும்பு, பித்தள எல்லாத்தையும் அரிக்கும், நம்ம ஸ்க்ரூ பூரா துரு ஏறி நிக்கி. பிளைவுட்டு ஓரம் ஊதி பாளம் பாளமா பிரிஞ்சுபோச்சு.

போன் போட்டு கேட்டா போட்டு ஆடுதுல்லா அதான் விட்டிருக்கும்னு சொல்லுகான். கடல்ல போற போட்டு ஆடத்தான் செய்யும், அதுக்கு தாங்கணும்னுதான காசு குடுத்தது. அதுக்கு பெறவு போன் எடுக்கல.

இப்ப வேற ஒரு மேஸ்திரி கண்ணாடிய முழுசா கழத்தி, பழசெல்லாம் பிளேடால சுரண்டி, ஸ்பிரிட் போட்டு தொடச்சு, நியூட்ரல்னு (காயும்போது ஆசிட் விடாதது) எழுதுன சிலிக்கான் டியூப்ப நம்ம முன்னால பிரிச்சு அடிச்சாரு. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவுல 3 மில்லிமீட்டர் கனம் நிக்க சின்ன ரப்பர் துண்டு வச்சாரு, ஸ்க்ரூவ இறுக்கி முறுக்குனா சீலன்ட் மொத்தமும் வெளிய பிதுங்கிரும், இன்ஜின் அதிர்வுக்கு இழுபட உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாரு. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் காயும், அதனால அவசரப்படுத்தாதீங்க. கண்ணாடிக்கு பதிலா பிளாஸ்டிக் ஷீட்டு போட்டவங்க தின்னர் பக்கமே கொண்டு போவாதீங்க, வெடிப்பு விட்டு மங்கிரும். எல்லாம் காஞ்ச பெறவு வெளிய இருந்து ஹோஸ் வச்சு அடிச்சு பாத்துட்டு மிச்ச காச குடுங்க.

அந்த ஆளு இப்ப சின்னமுட்டம் பக்கம் வேல கேட்டு சுத்துறதா கேள்வி. அங்க கிழக்கு கடற்கரை கணக்கு, தடை ஏப்ரல் 15லயே தொடங்கிரும், அந்த பக்கம் போட்டு வச்சிருக்க சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க இருந்தா இத இப்பவே அனுப்பி விடுங்க.